ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. படிப்பு வேறு, வாழ்க்கை வேறு என்று உணர்த்த வந்த அப்பழமொழியை நாம் மறுக்க வரவில்லை. ஆயினும், ஏட்டில் ஒரு வரி இல்லாமற் போனதனால் ஒரு வீட்டில் கறியே இல்லாமற் போன கதை ஒன்று நமக்குத் தெரியும். அக்கதையில் தவறு செய்தவர் பிறர் அல்லர், நாமே. அதனை முதலில் ஒப்புக்கொண்டு, பின்னர் ஏடு காக்கும் முறையைப் பற்றி நாம் கற்றவற்றை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

2020 ஆம் ஆண்டு மார்ச்சு 25 ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது நேயர்களுக்கு நினைவிருக்கும். சொந்த ஊரை விட்டு வந்து இவ்வடபுலத்தில் வாழும் நம்மவர்க்கு அரிசியும் துவரம் பருப்பும் அரிதாயின. வீடுதோறும் ஒரு பை பொருள் சேர்ப்பதென்று நம் சங்கத்தார் தீர்மானித்தனர். உறுப்பினர் பட்டியல் நம்மிடம் இருந்தது. எக்செல் தாளில் 412 வரிகள். அதனை அச்சிட்டு இளைஞர்களிடம் கொடுத்தோம். அவர்கள் அனுமதிச் சீட்டுடன் தெருத்தெருவாகச் சென்று, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறியிட்டுத் திரும்பினர். 412 வரிக்கும் 412 குறி. செயற்குழு நம்மைப் பாராட்டிற்று.

ஆறாம் நாள் மாலை ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர் ஓர் இந்திக்கார அம்மையார். தம் பக்கத்து வீட்டில் தமிழ் மூதாட்டி ஒருவர் தனித்திருக்கிறார் என்றும், தாம் கொடுக்கும் இரண்டு ரொட்டியைத் தவிர அவருக்கு வேறு உணவில்லை என்றும், உங்கள் சங்கம் அவரை ஏன் மறந்தது என்றும் கேட்டார். நாம் பையுடன் ஓடினோம். அவருடைய கணவர் நம் பழைய உறுப்பினர். முந்தைய ஆண்டு காலமானவர். அச்செய்தி வந்த அன்றே, இறந்தவர் பெயருக்குச் சந்தா அறிவிப்புப் போய்விடலாகாது என்னும் எண்ணத்தால், அவர் வரியை நாம் நீக்கிவிட்டோம். அவ்வரியோடு வீட்டு எண் போயிற்று, தொலைபேசி எண் போயிற்று, மனைவியும் போய்விட்டார்.

மூதாட்டி சினக்கவில்லை. பையை வாங்கி வைத்துவிட்டு, "அவுக போயிட்டாக, சரி. ஏட்டுல நானுமா தம்பி போயிட்டேன்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நம்மிடம் விடை இல்லை.

அதே வாரத்தில் வேறொரு வீட்டிற்கு மூன்று பைகள் சென்றிருந்தன. தலைப்பெழுத்து முன்னே நின்ற பெயர் ஒரு வரியிலும், பின்னே நின்ற பெயர் ஒரு வரியிலும், தந்தை பெயர் விரித்தெழுதியது ஒரு வரியிலுமாக ஒரே மனிதர் மூவராகியிருந்தார். நல்லவர்; இரண்டு பைகளைத் தாமே சுமந்து வந்து திருப்பித் தந்தார். ஏடு செய்யாத நேர்மையை மனிதர் செய்தார்.

தண்டவாளம் கற்பித்த பாடம்

நாம் பத்தாம் வகுப்புத் தேறியவர். தந்தையார் ரயில்வேப் பணியில் இருக்கையிலேயே மறைந்தமையால் வேலை பெற்று, பின் துறைத்தேர்வு எழுதி எழுத்தரானவர். கணினிக் கல்லூரி எதனையும் கண்டதில்லை. ஆயினும் ரயில்வேயைவிடப் பெரிய ஏட்டுப் பள்ளி எது? 1985 ஆம் ஆண்டு புது தில்லியில் கணினிவழி முன்பதிவு தொடங்கியது முதல், பயணி ஒவ்வொருவரும் அங்கே ஏட்டில் ஒரு பதிவாக இருக்கிறார். அலுவலகத்தில் நாள்தோறும் கண்ட முறையைச் சங்க ஏட்டில் கையாளாதது நம் குற்றமே.

சரக்கு வண்டிகளின் பக்கவாட்டில் வெள்ளை வண்ணத்தில் 11 இலக்க எண் ஒன்று இருப்பதைப் பலரும் பார்த்திருப்பர். முதல் இரண்டு இலக்கம் வண்டியின் வகை. அடுத்த இரண்டு உரிமையுள்ள ரயில்வே. அடுத்த இரண்டு கட்டிய ஆண்டு. அடுத்த நான்கு அவ்வண்டியின் தனி எண். பதினோராவது இலக்கம், முன்னைய பத்திலிருந்தும் கணக்கிட்டுப் பெறப்படும் சரிபார்ப்பு இலக்கம். எழுத்தர் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினால் கணக்கு ஒவ்வாது. பிழை அப்போதே வெளிப்படும். இரும்பு வண்டிக்கு இத்துணைக் காப்பு உண்டெனில், மனிதர் பெயருக்கு எவ்வளவு வேண்டும்!

அவ்வாண்டு ஊரடங்கு தளர்ந்தபின், செயற்குழுவில் இருவரைத் துணைகொண்டு ஏட்டைப் புதிதாகக் கட்டினோம். அப்போது கற்றவை வருமாறு. சங்கத்திற்கு மட்டுமன்றி, கடை வைத்திருப்போர்க்கும், சீட்டு நடத்துவோர்க்கும், குடியிருப்புக் கணக்கு எழுதுவோர்க்கும் இவை உதவும்.

ஏடு காக்கும் முறை

முதலாவது, ஒரு பொருளுக்கு ஓர் அட்டவணை. 1970 ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்து ஆய்வாளர் எட்கர் காட் என்பார் ஒரு கட்டுரை எழுதினார். தரவுகளை எளிய அட்டவணைகளாகப் பிரித்து வைத்து, வேண்டியபோது இணைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இன்றைய தரவுத்தளங்களிற் பெரும்பாலானவை அவ்வடிப்படையில் நிற்பவை. நம் பழைய தாளில் வீடும் மனிதரும் சந்தாவும் ஒரே வரியில் பிணைந்து கிடந்தன. அதனாலன்றோ ஒருவர் மறைய வீடே மறைந்தது! இப்போது வீடுகளுக்கு ஓர் அட்டவணை, மனிதர்களுக்கு ஓர் அட்டவணை, சந்தாவிற்கு ஓர் அட்டவணை. முகவரி வீட்டு அட்டவணையில் மட்டும் இருக்கும். வீடு மாறினால் ஓரிடத்தில் திருத்தினாற் போதும்.

இரண்டாவது, அடையாளம் எண்ணால் ஆகுக, பெயரால் அன்று. ஒரே பெயருடையோர் பலர் உளர். ஒருவரே பல விதமாக எழுதவும் படுவர். ஆகவே வீட்டிற்கு ஓர் எண்ணும் மனிதர்க்கு ஓர் எண்ணும் கொடுத்தோம். ஒருவர் சங்கத்தை விட்டு நீங்கினும் அவர் எண்ணைப் பிறர்க்கு அளிப்பதில்லை. எண்ணில் இடமும் தாராளமாக இருத்தல் வேண்டும். ரயில் வண்டிகளுக்கு நான்கு இலக்கமாக இருந்த எண்கள் 2010 டிசம்பர் முதல் ஐந்து இலக்கமாக மாறியதையும், அதற்காக எத்துணை ஏடுகள் திருத்தப்பட்டன என்பதையும் அலுவலகத்தார் அறிவர்.

மூன்றாவது, நம் பெயரை நம் வழக்கப்படி எழுத இடம் வேண்டும். வடபுலத்துப் படிவங்களில் குடும்பப் பெயருக்கெனத் தனிப்பத்தி இருக்கும். நம்மவர்க்கோ குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. பள்ளியில் ஒரு விதமாகவும் வங்கியில் ஒரு விதமாகவும் அப்பத்தியை நிரப்பிப் பின் அல்லற்படாத தமிழ்க் குடும்பம் இங்கே அரிது. நம் ஏட்டில் அத்துன்பம் தொடரலாகாது. தமிழில் முழுப்பெயர், தலைப்பெழுத்து, தலைப்பெழுத்தின் விரிவு, சான்றிதழில் உள்ளபடி ஆங்கிலப் பெயர் என நான்கு பத்திகள் வைத்தோம்.

தமிழில் எழுதும்போது யூனிகோடு முறையையே கொள்க. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பட்டியல்கள் வேறு கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். இடத்தின் அளவையும் நோக்குக. 'தமிழ்' என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது 5 குறிகள். அவற்றை யுடிஎஃப்-8 என்னும் முறையில் சேமிக்க 15 பைட்டுகள் வேண்டும். பத்தியின் அகலத்தைப் பைட்டுக் கணக்கில் அளக்கும் மென்பொருளில் ஆங்கிலப் பெயருக்கென வகுத்த இடம் தமிழ்ப் பெயரைத் தாங்காது. சில மென்பொருள்கள் பிழையென்று மறுக்கும். சில வாய் திறவாமல் வாலை வெட்டிவிடும்.

நான்காவது, மாறுவதை எழுதாமல் மாறாததை எழுதுக. வயதை எழுதினால் அடுத்த ஆண்டே அது பொய்யாகும். பிறந்த நாளை எழுதினால் வயதைக் கணினி சொல்லும். நாட்களை ஆண்டு, மாதம், நாள் என்னும் ஒரே ஒழுங்கில் எழுதுக. 04-05 என்றால் ஏப்ரல் ஐந்தா, மே நான்கா என்று பின்வருவோர் திகைப்பர். தொலைபேசி எண்ணை எழுத்தாகவே பதிக. அதனைக் கூட்டுவாரும் இல்லை, பெருக்குவாரும் இல்லை. கூட்டற்குரிய எண்ணென்று கணினி கருதிவிட்டால் முன்னுள்ள சுழியத்தை விழுங்கிவிடும்.

ஐந்தாவது, வெற்றிடமும் சுழியமும் ஒன்றல்ல. சந்தாப் பத்தியில் சுழியம் இருந்தால் 'செலுத்தவில்லை' என்பது பொருள். வெற்றிடம் இருந்தால் 'நமக்குத் தெரியாது' என்பது பொருள். தெரியாததைச் சுழியம் என்று எழுதுவது ஒருவர்மேல் பழி சுமத்துவதாகும்.

ஆறாவது, அழித்தல் ஆகாது. இந்த ஒன்றை அறிந்திருந்தால் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது. மறைந்தவர், ஊர் மாறியவர், விலகியவர் ஆகியோர் வரிகளை நீக்காமல், 'நிலை' என்றொரு பத்தியும் 'எந்நாள் முதல்' என்றொரு பத்தியும் வைத்து அவற்றில் குறித்தாற் போதும். கணக்கேட்டில் தவறிய எண்ணைச் சுரண்டி அழிக்காமல், ஒரு கோடிட்டு மேலே திருத்தி ஒப்பமிடுவது நம் அப்பன் பாட்டன் காலத்து வழக்கம். யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்பது அதில் தெரியும். தரவுத்தளத்திலும் அவ்வாறே மாற்றக் குறிப்பு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அது பயன்பட வேண்டுமாயின், ஏட்டைத் தொடுவோர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிக் கடவுச்சொல் இருத்தல் வேண்டும். ஒரே சொல்லை நால்வர் பகிர்ந்தால் தவறு செய்தவர் எவரும் இலர் என்றாகும்.

ஏழாவது, வேண்டாததைச் சேர்க்காமை. பிறர் தனித் தகவலைக் காப்பது பற்றி 2023 ஆம் ஆண்டில் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. சட்டம் இருக்கட்டும், ஆதார் எண் நமக்கு எதற்கு? கேளாத தகவல் களவு போவதில்லை.

காப்புப் பிரதி

காப்புப் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம் என்று பலர் நிம்மதியாக உறங்குகின்றனர். எடுத்ததைத் திருப்பி வைத்துப் பார்த்ததுண்டா என்று கேட்டால் விழிப்பர். கிட்லேப் என்னும் நிறுவனத்தில் 2017 சனவரி 31 அன்று பொறியாளர் ஒருவர் தவறான கணினியில் கட்டளையிட்டு, மூலத் தரவுகளை அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்பு முறைகள் வைத்திருந்தும் அவை உரியவாறு இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆறு மணி நேரத்திற்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு பிரதியே கைகொடுத்தது. அந்நிறுவனம் இதனை மறைக்காமல் உலகிற்கு எடுத்துரைத்தது. அதனால் நாமும் கற்றோம்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறிடத்தில் என்பது தொழில் அறிந்தோர் கூறும் விதி. நாம் மடிக்கணினியில் ஒன்றும், சங்க அலமாரியில் உள்ள வட்டில் ஒன்றும், இணையச் சேமிப்பில் ஒன்றும் வைத்துள்ளோம். மூன்று மாதத்திற்கு ஒரு முறை வேறொரு கணினியில் பிரதியைத் திறந்து, வரிகளை எண்ணிப் பார்த்து, ஏதேனும் பத்து வீடுகளைச் சரிபார்க்கிறோம். அதற்கு ஒரு மணி நேரம் செல்லும்.

எக்செல் போதாதா என்று கேட்பார் உளர். சிறு கணக்கிற்குப் போதும். அதன் எல்லையை அறிந்திருப்பது நலம். 2020 ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தில் தொற்று நோயாளர் சுமார் 16,000 பேர் அன்றாடக் கணக்கில் விடுபட்டனர். பழைய எக்செல் கோப்பு 65,536 வரிக்கு மேல் கொள்ளாமையே காரணம். மிகுதி வரிகள் ஓசையின்றி உதிர்ந்தன. அவர்களோடு பழகியோரை எச்சரிப்பதும் தாமதமாயிற்று. வல்லரசின் ஏட்டிலும் நம் சங்க ஏட்டிலும் நிகழ்ந்த குற்றம் ஒன்றே என்பதைக் கவனிக்க: இல்லாமற் போனவர் இல்லாமற் போனதை ஏடு சொல்லவில்லை.

அறிக்கை வரையும் முறை

ஏடு நன்றாக இருந்தும் அறிக்கை நன்றாக இல்லாவிடின் பயனில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பொதுக்குழுவில் 14 பக்க அறிக்கை ஒன்றை வழங்கினோம். அதன் மேல் பலர் தம் காப்பிக் குவளைகளை வைத்திருந்தனர். குற்றம் அவர்களுடையதன்று.

முன்னர் ரயில் பெட்டியின் கதவருகே ஒட்டப்பட்டிருந்த முன்பதிவுப் பட்டியலை நினைவு கூர்க. வண்டி புறப்படும் அவசரத்தில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர் கேட்கும் கேள்வி ஒன்றே: என் பெயர் உண்டா, எந்தப் படுக்கை? அதற்கு வேண்டியவற்றை மட்டும் அத்தாள் சொல்லிற்று. அதே தரவிலிருந்து உணவு வழங்குவோர்க்கு வேறு பட்டியலும், வருவாய்க் கணக்கருக்கு வேறு பட்டியலும் வரைய இயலும். ஆகவே அறிக்கை வரையுமுன், யார் படிப்பார், படித்தபின் என்ன முடிவு செய்ய வேண்டியிருக்கிறது என்னும் இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்க. இரண்டிற்கும் விடை இல்லையேல் அவ்வறிக்கையே வேண்டா.

விடையை முதலிற் கூறுக. 'இவ்வாண்டு வரவினும் செலவு 18,400 ரூபாய் மிகுதி' என்பது முதல் வரியில் நிற்கட்டும். விவரம் பின்னே வரட்டும். தனி எண் ஊமை. சென்ற ஆண்டின் எண்ணை அருகில் வைத்தால் பேசும். எண்களை வலப்புறம் ஒழுங்காக நிறுத்துக. அப்போது இலட்சமும் ஆயிரமும் நேருக்கு நேர் நின்று கண்ணுக்குத் தோன்றும். நம் வழக்கப்படி 1,25,000 எனப் புள்ளி இடுக. பொதுக்குழுவிற்குப் பைசாக்கள் வேண்டா, தணிக்கையாளருக்கு வேண்டும். எந்நாள் வரையுள்ள கணக்கு, யார் தயாரித்தது என்பதைத் தாளின் அடியில் தவறாது குறிக்க.

வரைபடம் அழகிற்கன்று, ஒப்பிடுவதற்கு. 1786 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர் நாட்டின் வாணிகக் கணக்கைக் கோடுகளாலும் பட்டைகளாலும் வரைந்து வெளியிட்டார். அப்பட்டைகளை இன்று நாம் பிழைபடக் கையாளுவது மிகுதி. பட்டையின் அடி சுழியத்தில் தொடங்க வேண்டும். 90-க்கும் 100-க்கும் உள்ள வேறுபாட்டை, அடியை 85-இல் வெட்டி வரைந்தால், ஒன்று மற்றதைப் போல் மும்மடங்கு உயரமாகத் தோன்றும். அது பொய் சொல்லாமல் ஏமாற்றும் வழி. வட்டத்தைத் துண்டு போடுவதாயின் மூன்று நான்கு துண்டுக்கு மேல் வேண்டா. நம் தாள்கள் கறுப்பு வெள்ளையில் நகல் எடுக்கப்படுவன. ஆகையால் வண்ணத்தை நம்பிப் பொருள் உணர்த்தற்க. மூத்த உறுப்பினர் கண்ணாடி அணிந்து படிப்பதை எண்ணி எழுத்தைப் பெரிதாக்குக.

அறிக்கையின் கூட்டுத்தொகையை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்னரே வெளியிடுக. ஒவ்வாத ஒரு ரூபாய் இருந்தாலும் தேடுக. அந்த ஒரு ரூபாய், ஆயிரம் வரவும் ஆயிரத்தொரு செலவும் விடுபட்டதன் மிச்சமாக இருத்தல் கூடும்.

இல்லாதவரைக் காட்டும் பட்டியல்

இவை அனைத்தினும் மேலாக நாம் கருதுவது ஒன்று. பட்டியல் என்பது இருப்பவரைக் காட்டும். நம் 412 குறிகள் அதைத்தான் செய்தன. அதனாலேயே நாம் ஏமாந்தோம். நல்ல ஏடு இல்லாதவரையும் காட்ட வேண்டும். வீடுகள் ஓர் அட்டவணை. வழங்கிய பைகள் ஓர் அட்டவணை. முதல் அட்டவணையில் இருந்து இரண்டாவதில் இல்லாத எண்கள் எவை என்று வினவினால், கணினி நொடியில் சொல்லும். அட்டவணைகளைப் பிரித்து வைத்ததன் பயன் இதுவே.

2021 ஏப்ரல், மே மாதங்களில் தொற்று மீண்டும் கடுமையாகப் பரவியது. அப்போது நாள்தோறும் மாலையில் நாம் அச்சிட்டது ஒரே ஒரு தாள். எந்த வீட்டோடு மூன்று நாளாக எவரும் பேசவில்லை என்னும் பட்டியல் அது. சில நாள் ஏழு வரி, சில நாள் மூன்று வரி. தலைப்பும் வரைபடமும் இல்லாத அத்தாளை இளைஞர்கள் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டனர். ஒரு வீட்டில் காய்ச்சலில் படுத்திருந்த இருவரையும் மருத்துவமனை சேர்த்தனர். தொலைபேசிக்கு மின்னேற்றம் இல்லாமையால் பேசாதிருந்தோரும் உண்டு. அவர்களிடம் தேநீர் அருந்தித் திரும்பினர். நாம் வரைந்த அறிக்கைகளுள் காப்பிக் குவளையின் கீழ் அகப்படாதது அது ஒன்றே.

மூன்றாம் சந்தின் மூதாட்டி இப்போது தம் வீட்டின் தலைவராகவே ஏட்டில் இருக்கிறார். கணவர் வரியும் இருக்கிறது, மறைந்த நாளோடு. சென்ற மாதம் அவர் நம்மை அழைத்தார். மகள் வேறு தொலைபேசி வாங்கித் தந்திருக்கிறாளாம். "புது நம்பரு, எழுதிக்கோ தம்பி. ஏட்டுல ஏத்திட்டுச் சொல்லு, நான் காத்திருக்கேன்" என்றார். ஏற்றிவிட்டோம் என்று நாம் சொல்லும் வரையில் அவர் தொலைபேசியை வைக்கவில்லை.

அன்பர்களே, ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலையில் சங்க அறையில் ஏட்டோடு இருக்கிறோம். வீடு மாறியிருப்பினும், குழந்தை பிறந்திருப்பினும், எண் மாறியிருப்பினும் வந்து சொல்லுங்கள். உங்கள் பெயர் உள்ளதா என்று மட்டும் பார்த்துப் போகாமல், பக்கத்து வீட்டார் பெயரும் உள்ளதா என்று பாருங்கள்.